ஊழியத்துக்குக் கைவேலை செய்யப் போகிறவர்கள் இங்கே யாராவது உண்டா? அனுபவம் சொல்லுங்கள்

குழாய் அண்ணாச்சி (சாட்ஸ்வர்த், டர்பன்)

எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

நான் திருநெல்வேலிப் பக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வந்து 21 வருடம் ஆகிறது. ஒரு தொழிற்சாலையில் குழாய், வால்வு, பம்பு என்று பார்த்துக்கொண்டிருந்தேன். போன வருடம் ஓய்வு பெற்றேன். ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிறவன்தான். ஆனால் ஊழியம் என்றால் பிரசங்கம், ஜெபக்கூட்டம், கைப்பிரதி கொடுப்பது என்றே மனதில் பதிந்திருந்தது. நாலு பேர் முன்னால் நின்றால் எனக்கு வாய் எழாது. அதனால் காணிக்கை போட்டால் போதும், மற்றது நமக்கு இல்லை என்று இருந்துவிட்டேன்.

சில மாதங்களுக்கு முன்னால் எங்கள் சபையார் ஓர் இல்லத்துக்கு அரிசி, பருப்பு கொண்டுபோனார்கள். போதையிலிருந்து மீள வந்திருக்கும் இளைஞர்கள் தங்கும் இடம். மூட்டை தூக்க நானும் போனேன். அதை நடத்துகிற பாஸ்டர் சமையலறையில் அண்டாவில் வெந்நீர் வைத்து, வாளி வாளியாகக் குளியலறைக்குச் சுமந்துகொண்டிருந்தார். கீசர் கெட்டு ஏழு வாரம் ஆகியிருந்தது. 18 பையன்கள். காலையில் இரண்டு மணி நேரம் இதிலேயே போய்விடுகிறது என்றார். முன்பெல்லாம் அந்த நேரத்தில்தான் பையன்களோடு ஒவ்வொருவராக உட்கார்ந்து பேசுவாராம்.

கீசரைத் திறந்து பார்த்தேன். எலிமெண்ட் எரிந்து போயிருந்தது, பிரஷர் வால்வும் இறுகிக் கிடந்தது. எங்கள் சபையில் மின்வேலை தெரிந்த ஒரு தம்பியைக் கூப்பிட்டுக்கொண்டு மறுநாளே போய் மாற்றினோம். அவ்வளவுதான் வேலை, ஒரு மத்தியானம்கூட ஆகவில்லை.

அடுத்த வாரம் வால்வு கசிகிறதா என்று பார்க்க விடிகாலையில் போனேன். பாஸ்டர் வெளியே அவகாடோ மரத்தடியில் ஒரு பையனோடு உட்கார்ந்திருந்தார். பையன் தலையைக் குனிந்துகொண்டு ஏதோ சொல்கிறான், அவர் கேட்கிறார். நான் வந்ததை இரண்டு பேருமே கவனிக்கவில்லை. வால்வைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் காருக்குத் திரும்பினேன். காரில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். சம்பளம் வாங்கிய அத்தனை வருடத்திலும் ஒரு வால்வு மாற்றி அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை.

இப்போது நாங்கள் நாலு பேர் சனிக்கிழமைதோறும் போகிறோம். ஃபிளஷ் தொட்டியில் மிதவை மாற்றுவது, ஜோஜோ டாங்குக்கு (பெரிய பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி) குழாய் இழுப்பது, கதவுக் கீல், கூரைத் தகரம், இப்படி. உங்களில் யாராவது இந்த மாதிரி செய்கிறீர்களா? எந்த வேலை உங்களுக்குச் சந்தோஷம் தந்தது? நாங்கள் தப்பாகச் செய்வது ஏதாவது இருந்தால் அதையும் சொல்லுங்கள்.


ஆயாவின் பேத்தி (டொங்காட்)

அண்ணாச்சி, வணக்கம். நான் இங்கேயே பிறந்தவள், ஐந்தாம் தலைமுறை. என் தமிழ் ஆயாவிடமும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியிலும் கற்றது. எனக்கு வாய்த்தது பாத்திரம் கழுவுகிற வேலை.

2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் வந்த வெள்ளம் உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள். டொங்காட்டில் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையமே உடைந்துபோனது, பல மாதங்கள் குழாயில் தண்ணீர் வரவில்லை. எங்கள் சபைக் கூடத்தில் தினமும் சமைத்துக் கொடுத்தோம். சமைக்க ஆள் வந்தார்கள், பரிமாற இன்னும் அதிகம் பேர் வந்தார்கள். கழுவுகிற இடத்தில் மட்டும் ஆள் இல்லை. லாரித் தண்ணீரை வரிசையில் நின்று பிடித்து, தூக்கி வந்து கழுவவேண்டும் அல்லவா?

நானும் பக்கத்துக் குடியிருப்பிலிருந்து வந்த, சூலு இனத்து அம்மா ஒருவரும் அதை எடுத்துக்கொண்டோம். அந்த அம்மாதான் எனக்குக் கழுவவே கற்றுக்கொடுத்தார். முதலில் பழைய செய்தித்தாளால் பருப்பையும் எண்ணெயையும் துடைத்து எடுத்துவிட வேண்டும். அப்புறம் மூன்று தொட்டி. ஒன்றில் சோப்பு, இரண்டாவதில் அலசல், மூன்றாவதில் கடைசி அலசல். முதல் தொட்டி அழுக்கானதும் அதைக் கழிப்பறைக்கு எடுத்துப்போய் ஊற்றிவிட்டு, இரண்டாவதை முதலாவதாக்கி, மூன்றாவதை இரண்டாவதாக்கி, புதுத் தண்ணீரைக் கடைசித் தொட்டியில் மட்டும் விட வேண்டும். ஒரு சொட்டு வீணாகாது. அவர் சூலுவில் பாடுவார், நான் ஆயா சொல்லிக்கொடுத்த கீர்த்தனை பாடுவேன். வார்த்தை புரியாது, ஆனால் இரண்டு பேருக்கும் தாளம் ஒத்துப்போகும்.

பிறகு 2024 ஜூன் 3 அன்று டொங்காட்டில் சூறாவளி அடித்தது. மறுநாள் கூடத்தைத் திறந்தபோது அந்த அம்மா வாசலில் நின்றார். அவர் வீட்டுக் கூரையும் போயிருந்தது. என்னைப் பார்த்ததும் கேட்டது ஒன்றே ஒன்று: "பாத்திரங்கள் எங்கே?" நான் அவரைக் கட்டிக்கொண்டேன்.


மின்சாரத் தம்பி (ஃபீனிக்ஸ்)

அண்ணாச்சி, நல்ல காரியம். ஆனால் ஒன்று கேட்க வேண்டும். எலிமெண்ட் மாற்றிய தம்பி பதிவு பெற்ற எலக்ட்ரீஷியனா? இந்த நாட்டில் மின் இணைப்புக்குத் தகுதிச் சான்றிதழ் வேண்டும், அதைப் பதிவு பெற்றவர்தான் கொடுக்க முடியும். சான்றிதழ் இல்லாத வேலையால் நாளைக்குத் தீப்பிடித்தால் காப்பீட்டுக்காரர்கள் கையை விரித்துவிடலாம், பாதிப்பு அந்த இல்லத்துக்குத்தான். லோட் ஷெடிங் (முறைவைத்த மின்வெட்டு) மோசமாக இருந்த காலத்தில் நல்ல மனதோடு இன்வெர்ட்டர் மாட்டிக் கொடுத்து, ஒயர் உருகிப்போன இடங்களை நானே போய்ச் சரிசெய்திருக்கிறேன். தெரியாத வேலையை அன்பினால்கூடச் செய்யாதீர்கள்.


குழாய் அண்ணாச்சி

தம்பி, பதிவு பெற்றவர்தான். ஆனால் சான்றிதழ் எழுதி வாங்கவில்லை. வருகிற சனிக்கிழமை வாங்கி அவர்கள் கோப்பில் வைத்துவிடுகிறேன். எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி.


கேள்வி கேட்பவன் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

நான் கொஞ்சம் கசப்பாகப் பேசப்போகிறேன், மன்னிக்கவும்.

22 வயதில் ஓர் ஊழியத்தில் தன்னார்வமாகச் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். பக்கி (சின்னச் சுமை வண்டி) ஓட்டினேன், ஒலிபெருக்கி கட்டினேன், நாற்காலி அடுக்கினேன். வாரத்தில் ஐந்து இரவு. இரண்டு வருடம் கழித்து, களைத்துவிட்டேன், படிப்பு கெடுகிறது என்று சொன்னேன். உற்சாகமாய்க் கொடுக்கிறவனிடத்தில்தான் தேவன் பிரியமாயிருக்கிறார், உன் உள்ளத்தைச் சோதித்துப் பார் என்றார்கள். களைப்பே பாவம் மாதிரி ஆகிவிட்டது. அதற்குப் பிறகு மூன்று வருடம் எந்தச் சபைக்கும் போகவில்லை. அதனால் 'சேவையில் சந்தோஷம்' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பயம்.

இன்னொன்று. இந்த நாட்டில் வேலைக்குத் தயாராக இருக்கிறவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வேலை இல்லை. நீங்கள் நாலு பேர் சனிக்கிழமை இலவசமாகக் கூரை போட்டால், அந்தத் தெருவில் கூரை போடத் தெரிந்தவனுடைய அன்றைய கூலி என்ன ஆகும்? யோசித்தீர்களா?


குழாய் அண்ணாச்சி

தம்பி, உங்கள் பதிவைப் படித்துவிட்டு இரண்டு நாள் பதில் எழுதவில்லை. என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

முதல் விஷயம். உங்களிடம் அப்படிப் பேசியது தவறு. கொடுக்கிறவன் தன் மனதில் நியமித்தபடி கொடுக்க வேண்டும், கட்டாயமாய்க் கொடுக்கக் கூடாது என்று அதே வசனத்தின் முன்பாதியில் இருக்கிறது. அந்தப் பாதியை விட்டுவிட்டு மிச்சத்தை உங்கள் தலையில் வைத்திருக்கிறார்கள். என் வயதில் ஒருவன் அன்று பக்கத்தில் இருந்திருந்தால், போய்ப் படி மக்கா என்று அனுப்பியிருக்க வேண்டும். நாங்கள் சனிக்கிழமை ஒரு மணிக்குக் கையைக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோம். ஒரு வாரம் வராதவனை ஏன் என்று கேட்பதில்லை.

இரண்டாவது கேள்வி உண்மையிலேயே நான் யோசிக்காதது. வாஷர் மாற்றுவது, கதவு சரிசெய்வது எல்லாம் அந்த இல்லத்தால் எப்படியும் காசு கொடுத்துச் செய்ய முடியாத வேலை. அதில் யார் கூலியும் போகவில்லை என்று நினைக்கிறேன். ஆனால் கூரை பெரிய வேலை. எங்கள் குழுவில் பேசினேன். இனிமேல் பெரிய வேலை வந்தால் நாங்கள் நாலு பேரும் பொருளுக்கும் கூலிக்கும் பணம் சேர்த்து, பக்கத்துத் தெரு ஆள் இரண்டு பேரை வைத்துச் செய்யலாம், நாங்கள் கையாளாக நிற்கலாம் என்று முடிவு செய்தோம். அந்த இல்லத்துப் பையன் ஒருவன் ஏற்கெனவே என் கூடவே நின்று ரென்ச் பிடிக்கிறான். போன வாரம் தனியாக ஒரு குழாய் வாஷர் மாற்றிவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.


பழைய டர்பன் வாசகர்

இழையைப் படிக்கும்போது டாக்டர் பூத் நினைவு வந்தது, சொல்லிவிடுகிறேன்.

1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து டர்பனில் வந்து நின்றது. 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தத்தில் வந்தார்கள். பெரும்பகுதி நம் தமிழரும் தெலுங்கரும். அந்த ஜனங்களுக்காக டர்பனில் செயின்ட் எய்டன்ஸ் மிஷனை நடத்தியவர் ஆங்கிலிக்கன் மருத்துவரான பூத். டர்பன் இந்திய வணிகரான பார்சி ருஸ்தம்ஜி பணம் கொடுக்க, அவர் பொறுப்பில் ஒரு சிறிய இலவச மருத்துவமனை நடந்தது. அங்கே கம்பவுண்டர் வேலைக்குத் தன்னார்வமாகப் போனவர் யார் தெரியுமா? வக்கீல் காந்தி. போக வர நேரத்தையும் சேர்த்து தினம் காலையில் இரண்டு மணி நேரம் ஒதுக்கினார். அவர் இல்லாத நேரத்தில் நீதிமன்ற வழக்குகளை ஒரு நண்பர் பார்த்துக்கொண்டார். நோயாளியிடம் என்ன உபத்திரவம் என்று கேட்பது, அதை மருத்துவரிடம் சொல்வது, சீட்டில் எழுதிய மருந்தைக் கலந்து கொடுப்பது, இதுதான் வேலை. வந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ், தெலுங்கு, வட இந்திய ஒப்பந்தக் கூலிகள். அந்த வேலை தமக்குக் கொஞ்சம் மன அமைதி தந்தது என்று அவரே எழுதியிருக்கிறார்.

1899-ல் பிரிட்டிஷாருக்கும் டச்சு வம்சாவளியினரான போயர்களுக்கும் இடையே போயர் போர் வந்தபோது இந்தியர்கள் ஆம்புலன்ஸ் படை அமைத்தார்கள். ஏறக்குறைய 1,100 பேர். பெரும்பாலோர் ஒப்பந்தக் கூலிகள். பயிற்சி கொடுத்துக் கூடவே போனவரும் டாக்டர் பூத்தான். காயம்பட்டவர்களை ஸ்ட்ரெச்சரில் வைத்து ஒரு நாளில் 20, 25 மைல்கூட நடந்தார்கள். ஸ்பியன் கோப் போர்க்களத்திலும் சுமந்தார்கள். பெயர் தெரியாத எத்தனை தமிழ்த் தோள்கள் அதில் இருந்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு மனம் நெகிழ்ந்துவிடுகிறது.

கேள்வி கேட்பவன் தம்பிக்கும் அங்கே ஒரு பதில் இருக்கிறது. சந்தோஷமில்லாமல் செய்யும் பணிவிடை செய்கிறவருக்கும் உதவாது, பெறுகிறவருக்கும் உதவாது என்பது காந்தியின் கருத்து. ஊர் வாய்க்குப் பயந்தோ காட்டிக்கொள்ளவோ செய்தால் அது ஆளை நசுக்கிவிடும் என்றும் சொல்கிறார். உங்களுக்கு நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன்.


கணக்கு எழுதுகிறவர் (ஜோகன்னஸ்பர்க்)

எனக்குச் சுத்தியல் பிடிக்கத் தெரியாது, கணக்கு தெரியும். இங்கே ஒரு சிறிய முதியோர் இல்லம். நடத்துகிற அம்மா எல்லா ரசீதையும் ஷூ பெட்டியில் போட்டு வைத்திருந்தார். மூன்று பெட்டி. பதிவு பெற்ற லாப நோக்கற்ற அமைப்பு என்றால் நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் கணக்கை முடிக்க வேண்டும், ஒன்பது மாதத்துக்குள் சமூக மேம்பாட்டுத் துறைக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். இரண்டு வருடமாகப் போகவில்லை. பதிவு ரத்தானால் நன்கொடையாளர்கள் ஒவ்வொருவராக விலகிவிடுவார்கள்.

நாலு சனிக்கிழமை உட்கார்ந்து அடுக்கினேன். ரொட்டி ரசீதுகளில் அந்த இல்லத்தின் கதையே இருந்தது. ஒரு மாதம் ரொட்டி பாதியாகக் குறைந்திருக்கிறது, ஏன் என்று கேட்டேன். அந்த மாதம் பணம் இல்லை, ஊழியர்கள் நாங்கள் சாப்பிடவில்லை என்றார். அறிக்கை அனுப்பிய அன்று அந்த அம்மா பல மாதங்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினாராம். இதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்?

உங்களில் யாருக்காவது கணக்கு தெரிந்தால் தயவுசெய்து முன்வாருங்கள். பெயின்ட் அடிக்க 20 பேர் வருகிறார்கள், இதற்கு ஆள் வருவதில்லை.


மலையடி இல்லத்து அக்கா

நான் மறுபக்கத்தில் இருப்பவள். கணவரும் நானும் ஒரு குழந்தைகள் இல்லம் நடத்துகிறோம். பெறுகிறவர்கள் பக்கத்திலிருந்து சில விஷயம் சொல்லலாமா?

எங்கள் சாப்பாட்டு அறைச் சுவருக்கு ஒரே வருடத்தில் மூன்று முறை பெயின்ட் அடித்திருக்கிறார்கள். ஒவ்வொரு குழுவும் அன்போடு வந்தவர்கள்தான், வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. அதே நேரம் பெண் பிள்ளைகளின் கழிப்பறையில் தாழ்ப்பாள் இல்லாமல் எட்டு மாதம் இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை, எனக்கும் சொல்ல வெட்கமாக இருந்தது. மண்டேலா தினமான ஜூலை 18 அன்று, அவருடைய 67 வருடப் பொதுவாழ்வை நினைத்துச் செய்யும் 67 நிமிடச் சேவைக்கு ஒரே நாளில் ஐந்து குழு வரும். அன்றைக்கு வருகிறவர்களுக்கு வேலை கண்டுபிடிப்பதே எனக்குப் பெரிய வேலை. ஆகஸ்டில் யாரும் இருக்க மாட்டார்கள்.

பிள்ளைகளிடம் பழகும் வேலைக்கு வருகிறவர்களைச் சிறார் சட்டப்படி குழந்தைப் பாதுகாப்புப் பதிவேட்டில் சரிபார்க்க வேண்டும். தன்னார்வலர்களுக்கும் அது உண்டு. அந்தப் படிவத்தைக் கொடுத்தால் சிலர் முகம் வாடிவிடுகிறார்கள். தயவுசெய்து வருத்தப்படாதீர்கள். இதற்கு முன்னால் இந்தப் பிள்ளைகள் பட்டதெல்லாம் போதும். அப்புறம், பிள்ளைகளைத் தூக்கி வைத்துப் படம் எடுத்துவிட்டு, அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லிப் போகாதீர்கள். அவர்கள் அடுத்த வாரம் வாசலில் நிற்பார்கள்.

எங்களுக்கு மறக்க முடியாத ஆள் ஒரு பாட்டி. தையல்காரர். வாரம் ஒரு நாள் வருவார். கூடத்தின் மூலையில் இயந்திரத்தை வைத்துக்கொண்டு பள்ளிச் சீருடைகளின் மடிப்பைப் பிரித்து இறக்குவார், பொத்தான் வைப்பார், கிழிசலைத் தைப்பார். நாலு வருடம் வந்தார். அதிகம் பேசமாட்டார், ஆனால் எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு உயரம் கூடியிருக்கிறது என்று அவருக்குத் தெரியும். ஒரு பையன் சொன்னான், பாட்டிதான் நான் வளருகிறேன் என்று முதலில் கண்டுபிடித்தவர் என்று. யோப்பாவில் தொற்காள் இறந்தபோது விதவைகள் அவள் தைத்துக் கொடுத்த உடுப்புகளைப் பேதுருவிடம் காட்டி அழுதார்களே, அந்தப் பாட்டி போனபோது எங்கள் பிள்ளைகள் அப்படித்தான் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

நெகேமியா மூன்றாம் அதிகாரம் படித்திருப்பீர்கள். யார் எந்த இடத்தைக் கட்டினார்கள் என்று வரிசையாகப் போகும். ஆசாரியர்கள், தட்டார், தைலக்காரன், ஒருவனோடு அவன் குமாரத்திகள். சிறு வயதில் அலுப்போடு படித்த அதிகாரம் அது. இல்லம் நடத்த ஆரம்பித்த பிறகுதான் குப்பைமேட்டு வாசலைப் பழுதுபார்த்தவன் ஒரு மாவட்டத்தின் பிரபு என்பது கண்ணில் பட்டது. அன்றிலிருந்து அந்தப் பெயர்ப் பட்டியலை வாசித்தால் எனக்கு ஜெபம் செய்கிற மாதிரி இருக்கிறது.


ஆயாவின் பேத்தி

அக்கா, தாழ்ப்பாள் போட்டாயிற்றா?


மலையடி இல்லத்து அக்கா

போட்டாயிற்று அம்மா. நானே ஸ்க்ரூடிரைவர் வாங்கி மாட்டினேன். கொஞ்சம் சாய்வாக இருக்கிறது, ஆனால் பூட்டுகிறது.


கேள்வி கேட்பவன்

அக்கா எழுதியதை இரண்டு தடவை படித்தேன். பெரியவர் சொன்ன காந்தி விஷயத்தையும் யோசித்தேன். பழையபடி ஓர் ஊழியத்தில் சேர எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் எனக்கு பக்கி இருக்கிறது. மாதத்தில் ஒரு நாள், கல்லோ மணலோ பழைய அலமாரியோ எதையாவது ஏற்றி இறக்க வேண்டுமென்றால் வருகிறேன். வேலை முடிந்ததும் போய்விடுவேன், கூட்டத்துக்கு இருக்கச் சொல்லாதீர்கள். அது சரியா?


மலையடி இல்லத்து அக்கா

சரி தம்பி. தாராளமாக. மாதக் கடைசி வெள்ளிக்கிழமை உணவு வங்கியிலிருந்து மூட்டை எடுத்துவர ஆள் இல்லாமல் திண்டாடுகிறோம். ஏற்றி வந்து இறக்கிவிட்டுப் போங்கள். தேநீர் மட்டும் குடித்துவிட்டுப் போக வேண்டும்.


குழாய் அண்ணாச்சி

அக்கா, நாங்கள் உங்கள் இல்லத்துக்கு வர ஆசைப்படுகிறோம். படிவத்தை அனுப்புங்கள், நாலு பேரும் எழுதித் தருகிறோம். எங்களுக்கு எது முடியும் என்று நான் சொல்லப்போவதில்லை. உங்களுக்கு எது வேண்டும், அதிலும் சொல்ல வெட்கப்பட்டு வைத்திருக்கிறது எது, அதை முதலில் எழுதுங்கள்.


மலையடி இல்லத்து அக்கா

அண்ணாச்சி, எழுதிவிடுகிறேன். சின்னப் பிள்ளைகளின் குளியலறையில் கழிவுநீர் திரும்பி மேலே வருகிறது. மழை பெய்தால் நாற்றம் தாங்கவில்லை. அதனால்தான் வருகிறவர்களை அந்தப் பக்கமே கூட்டிப்போகாமல் இருந்தேன். கை கழுவும் தொட்டிக் குழாய் இரண்டும் ஒழுகுகிறது. தண்ணீரை நிறுத்தும் அடைப்பான் எங்கே இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது, அதனால் ராத்திரியில் வாளி வைத்துப் பிடிக்கிறோம்.


குழாய் அண்ணாச்சி

சனிக்கிழமை ஏழு மணிக்கு வந்துவிடுகிறோம். படிவம் சரிபார்த்து வரும் வரை, பிள்ளைகள் அந்தப் பக்கம் வராதபடி மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், நாங்கள் வெளிப்பக்கக் கழிவுநீர்த் தொட்டியில் ஆரம்பிக்கிறோம். அடைப்பு எடுக்கும் கம்பி 15 மீட்டர் இருக்கிறது. முதல் வேலையாக அடைப்பானைக் கண்டுபிடித்துச் சிவப்பு பெயின்ட் அடித்துவிடுகிறேன், இனிமேல் வாளி வேண்டாம். கை கழுவும் தொட்டிக்கு வருகிற குழாய் 15 மில்லிமீட்டரா, 22 மில்லிமீட்டரா என்று மட்டும் யாரையாவது அளந்து பார்க்கச் சொல்லுங்கள் அக்கா, அதற்கு ஏற்ற சாமான் வெள்ளிக்கிழமையே வாங்கி வைத்துவிடுகிறேன்.